தூசியும் புகைப்படமும்

கதிரவன் ஒளி சாளரத்தின் வழியே அறையினுள் புகும்பொழுது, அவ்வொளிக்கற்றையில் எண்ணற்ற தூசிகள் மிதந்து திரிவதைக் காணலாம். ஒளி மறைந்ததும் அவை கண்ணுக்குப் புலப்படா. ஆயினும் அங்கேயே உள்ளன. அவற்றைப் பொருட்படுத்துவோர் மிகச் சிலரே. வீட்டில் இருட்டறை அமைத்துப் புகைப்படக் கலை பயில்வோர் அச்சிலருள் அடங்குவர்.

பெரிய காமிராக்களில் 4 அங்குலத்திற்கு 5 அங்குலம், 8 அங்குலத்திற்கு 10 அங்குலம் என்னும் அளவுகளில் வெட்டப்பட்ட பிலிம் தகடுகள் பயன்படுகின்றன. தகட்டின் ஒரு பக்கத்தில் வெள்ளி உப்புகள் கலந்த ஜெலட்டின் பூசப்பட்டிருக்கும். தட்டையான ஒரு கூட்டில், பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு தகடுகளைச் செருகுவர். சுருள் பிலிம் இறுகச் சுற்றப்பட்டே காமிராவினுள் செல்கிறது. தகட்டையோ, முழு இருளில், விரல்களின் உணர்வையே துணையாகக் கொண்டு கையால் எடுத்துச் செருகவேண்டும். தூசி புகுவதற்கு இதுவே வாய்ப்பாகும்.

தூசி எப்பொழுது படிந்தது என்பதைப் படத்தில் தோன்றும் புள்ளியின் நிறமே கூறிவிடும். படம் எடுக்குமுன் தகட்டின்மேல் படிந்த தூசி, அவ்விடத்தில் ஒளி படாமல் தடுக்கிறது. அதனால் நெகட்டிவில் அவ்விடம் தெளிந்த கண்ணாடி போலாகி, அச்சிட்ட படத்தில் கரும்புள்ளியாகத் தோன்றும். அச்சிடும்பொழுது நெகட்டிவின்மேல் இருக்கும் தூசியோ வெண்புள்ளியைத் தோற்றுவிக்கும். வெண்புள்ளிக்கு மருந்து உண்டு. நெகட்டிவைத் துடைத்து மீண்டும் அச்சிடலாம். கரும்புள்ளியோ நெகட்டிவிலேயே நிலைத்துவிட்ட குறை. எத்தனை படிகள் அச்சிட்டாலும் அது மீண்டும் மீண்டும் தோன்றும்.

1941ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது, அமெரிக்க நாட்டின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அன்செல் ஆடம்ஸ் என்னும் புகைப்படக் கலைஞர் காரில் சென்றுகொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவு எழுந்திருந்தது. மறையும் கதிரவனின் ஒளி, இடுகாட்டிலிருந்த வெண்சிலுவைகளின்மீது வீழ்ந்தது. அவர் விரைந்து இறங்கிப் பெரிய காமிராவை நிறுத்தினார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவை நினைவிற்கொண்டு கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். மற்றொன்று எடுப்பதற்காகக் கூட்டைத் திருப்பினார். அதற்குள் சிலுவைகளை விட்டு ஒளி அகன்றுவிட்டது! உலகப்புகழ் பெற்ற அப்படத்திற்கு ஆதாரமானது அந்த ஒரே தகடுதான். அச்சிலுவைகள் பதியும் இடத்தில் ஒரு பெருந்தூசி படிந்திருந்தால், அம்மாலையை மீண்டும் அழைத்துவர எவராலும் இயலாது.

ஆதலின், தேர்ந்தவர்கள் தகட்டைக் கையில் எடுக்குமுன்பே காவலைத் தொடங்குகின்றனர். மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடைக்கின்றனர். உலர்ந்த துடைப்பம் தூசியை அகற்றுவதைவிட மேலே எழுப்புவதே மிகுதி. கம்பளி ஆடை இழைகளை உதிர்க்குமாதலால் அதனை விலக்குகின்றனர். கூட்டின் மூலை முடுக்குகளை மெல்லிய தூரிகையால் துடைத்து, மெல்லத் தட்டி, ரப்பர்க் குமிழால் காற்று ஊதுகின்றனர். வாயால் ஊதினால் எச்சில் துளி தெறித்துக் கறை உண்டாகும். தகடு செருகிய கூடுகளைப் பைகளில் இட்டுக் காக்கின்றனர். காமிராவின் துருத்தி மடிப்புகளிலும் தூசி தங்குமாதலால், அதனையும் அடிக்கடி தூய்மை செய்கின்றனர்.

உலர்ந்த தலையை வாரிய சீப்பு, சிறு காகிதத் துண்டுகளை ஈர்ப்பதைக் காண்கிறோம். அதுபோலவே, உலர்ந்த காற்றில் கூட்டின் மூடியை வெடுக்கென இழுத்தால், உராய்வினால் மின்சாரம் தோன்றித் தூசியை ஈர்க்கும். எனவே மூடியை மெல்ல இழுத்தல் நலம். குளியலறையை இருட்டறையாகக் கொண்டவர்கள், முதலில் வெந்நீரைச் சிறிது நேரம் திறந்துவிடுவதும் உண்டு. காற்றிலுள்ள ஈரம் மின்சாரத்தைத் தணிக்கும், தூசியும் படியும். ஆவி அடங்கிய பின்னரே அவர்கள் தகட்டைத் தொடுவர்.

படம் கழுவிய பின்னும் காவல் முடிவதில்லை. நனைந்த ஜெலட்டின் மென்மையானது. அதில் ஒட்டிய தூசி, உலர்ந்தபின் எளிதில் அகலாது. ஆதலின் மக்கள் நடமாட்டமும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் தகடுகளைத் தொங்கவிட்டு, நன்கு உலரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் அரிய செயலன்று. ஈரத்துணியும் தூரிகையும் பொறுமையுமே போதும். ஆயினும் இவற்றை முன்னதாகச் செய்தல் வேண்டும். படம் எடுத்தபின் செய்யும் எத்துணைப் பெருமுயற்சியும், எடுக்குமுன் செய்யும் சிறு தூய்மைக்கு ஈடாகாது.