கணையப் புற்றுநோயும் அதன் மருத்துவமும்

நான் மருத்துவ மாணவன் அல்லன், வேதியியல் பயில்பவன். ஆயினும் சென்ற ஆண்டு இத்தில்லி மாநகரில் என் தாய்மாமனுக்குக் கணையத்தில் புற்றுநோய் கண்டபோது, மருத்துவர் ஆங்கிலத்தில் கூறியவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. மாமா தையற்கடை வைத்திருப்பவர். மருத்துவச் சொற்கள் அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. புரிந்துகொள்வதற்காகப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் முன்னே குறுக்காகக் கிடக்கும் உறுப்பு கணையம். நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். உணவைச் செரிக்கும் நொதிகளையும் இன்சுலினையும் தருவது இதுவே. ஆழத்தில் மறைந்திருப்பதால் இதன் நோய் வெளியே தெரியக் காலம் தாழ்கிறது. தலைப்பகுதியில் வளரும் கட்டி பித்தக் குழாயை அழுத்தினால் மஞ்சட்காமாலை தோன்றும். முதுகு வரை பரவும் வயிற்றுவலி, உடல் மெலிவு, புதிதாக வரும் நீரிழிவு ஆகியனவும் அறிகுறிகளாகலாம். மாமா தமக்கு வந்தது வெறும் காமாலை என்றெண்ணி இரண்டு மாதம் கீழாநெல்லி உண்டார். காமாலைக்குக் காரணங்கள் பல என்பதை நாங்கள் அப்போது அறியோம்.

இந்நோயை முற்றிலும் நீக்க வல்லது அறுவைச் சிகிச்சையே. ஆனால் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கே, நோய் கண்டறியும் வேளையில் அது இயலும். தலைப்பகுதிக் கட்டிக்குச் செய்வது விப்பிள் அறுவை. 1935-இல் இதனை விளக்கிய அமெரிக்க மருத்துவர் ஆலன் விப்பிளின் பெயரால் அது வழங்குகிறது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் ஒரு பகுதி ஆகியவற்றை அகற்றி, எஞ்சியவற்றை மீண்டும் குடலோடு இணைப்பர். இணைப்பில் கணையநீர் கசிதல், இரைப்பை மெதுவாகக் காலியாதல், தொற்று ஆகியன நேரலாம். பின்னாளில் நீரிழிவு வரலாம். கொழுப்புச் செரியாமல் மலம் பிசுபிசுத்தால், உணவோடு நொதி மாத்திரை உண்ண வேண்டும்.

மாமாவுக்குக் கட்டி கல்லீரலுக்கும் பரவியிருந்தமையால் அறுவைக்கு இடமில்லை. மருந்துகளே வழி. அவற்றுள் ஒன்று ஜெம்சிடபின். தனியாகவோ பாக்ளிடாக்செலோடு சேர்த்தோ தருவர். மற்றொன்று ஃபோல்ஃபிரினாக்ஸ் என்னும் கூட்டு மருந்து. நோய் பரவியவர்களிடம் நடந்த ஆய்வொன்று 2011-இல் வெளிவந்தது. அதில் வாழ்நாளின் நடுவளவு, ஜெம்சிடபின் பெற்றோர்க்கு 6.8 மாதம், கூட்டு மருந்து பெற்றோர்க்கு 11.1 மாதம். ஆனால் மிகுந்த வன்மைக்கு மிகுந்த விலையும் உண்டு. அதிலுள்ள இரினோடெக்கானால் வயிற்றுப்போக்கும், ஃபுளுரோயுராசிலால் வாய்ப்புண்ணும், ஆக்சாலிபிளாட்டினால் விரல் மரத்தலும் வரலாம். வெள்ளணுக்கள் குறைவதால் தொற்று எளிதில் பற்றும்.

இவற்றை நான் சொல்லி முடித்ததும் மாமா ஒன்றே கேட்டார்: "அந்த மாதங்களில் நான் ஊசி பிடிக்க முடியுமா, தம்பி?" நான் அக்கேள்வியை மருத்துவரிடம் அப்படியே கேட்டேன். மரத்தல் தொடங்கியதும் சொன்னால் அளவைக் குறைக்கலாம், அம்மருந்தை மட்டும் நிறுத்தவும் செய்யலாம் என்றார் அவர்.

மாமாவோ சொல்லவில்லை. சொன்னால் மருத்துவமே நின்றுவிடும் என்று அஞ்சினார். மூன்றாம் முறை மருந்து ஏற்றிய பின் காய்ச்சல் வந்தது, அதையும் மறைத்தார். நள்ளிரவில் அத்தை தொலைபேசியில் அழைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மருந்துக் காலத்தில் 38 டிகிரி செல்சியசைத் தாண்டும் காய்ச்சல், விடியும் வரை காத்திருக்கத் தக்கதன்று. அன்றிரவே மருத்துவமனையில் சேர்த்து, நரம்பு வழியே கிருமிக்கொல்லி ஏற்றியதால் பிழைத்தார். அடுத்த முறை முதல் ஆக்சாலிபிளாட்டின் அளவு குறைக்கப்பட்டது.

நோயை அழிப்பது மட்டும் மருத்துவமன்று. வேதனையைத் தணிப்பதும் மருத்துவமே. பித்தக் குழாயில் சிறு குழல் பொருத்தினால் காமாலையும் அரிப்பும் தணியும். கடும் வலிக்கு மார்ஃபின் உண்டு. அது மலச்சிக்கலை உண்டாக்குமாதலின் பேதி மருந்தையும் உடன் தருவர். நம் நாட்டில் இதனைப் பெறுவதை எளிதாக்கப் போதைமருந்துச் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டது. ஒரு பக்கம் மட்டும் தொல்லை தரும் கட்டிக்குச் சில வேளை கதிர்வீச்சும் பயன்படும். அதனால் களைப்பும் குமட்டலும் வரலாம்.

மாமா இன்றும் மருந்து பெற்று வருகிறார். பிற்பகலில் ஒரு மணி நேரம் கடையில் அமர்ந்து பொத்தான் தைக்கிறார்.

நண்பர்களே, ஊரைவிட்டு வந்து பயிலும் நம்மில் பலர் என்றேனும் ஒருநாள் உறவினர்க்காக மருத்துவர்முன் நிற்க நேரிடும். அன்று மூன்றைக் கேளுங்கள்: இம்மருத்துவத்தால் கிடைப்பது யாது? இதனால் வரும் தொல்லை யாது? எந்தத் தொல்லையை உடனே சொல்ல வேண்டும்? கேட்டதை மறைக்காமல் தமிழில் சொல்லுங்கள். நோயாளி சொல்வதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். பொறுத்துக்கொள்வது வேறு, மறைத்துக்கொள்வது வேறு.