ரெக்டிஃபையரைக் கழற்றும் முன்

அன்புத் தம்பிக்கு,

உன் 1969 டிரையம்ப் பானவில்லில் பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது, பார்த்தவர்கள் எல்லாம் "ரெக்டிஃபையர் போச்சு, மாற்று" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மாற்றுவது அரை நாள் வேலை, உன்னால் முடியும். ஆனால் அது போய்விட்டதா என்பதை மல்டிமீட்டரிடம் கேள். நல்ல ரெக்டிஃபையரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டு, அதே கோளாறோடு திரும்பி வரும் வண்டிகள்தான் நான் அதிகம் பார்த்தவை.

முதலில் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள். எஞ்சினின் இடப்பக்கம், பிரைமரி செயின் மூடிக்குள்ளே, கிராங்க் முனையில் ஒரு நிரந்தரக் காந்தம் சுற்றுகிறது. அதைச் சுற்றியிருக்கும் சுருள்களில் பிறப்பது மாறுதிசை மின்சாரம். காந்தமும் சுருள்களும் சேர்ந்ததுதான் ஆல்டர்னேட்டர். பேட்டரி ஏற்பது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை மட்டும். நடுவில் ரெக்டிஃபையரின் நான்கு டயோடுகள் நின்று, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பேட்டரிக்குச் சரியான திசையில் திருப்பிவிடுகின்றன. இன்னொரு வேலையும் உண்டு. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிப்பதுபோல, எஞ்சின் நின்றபின் பேட்டரியின் மின்சாரம் சுருள்கள் வழியாக வடிந்துபோகாமல் இந்த டயோடுகள்தான் தடுக்கின்றன. பேட்டரியின் பாசிட்டிவ் பக்கத்து டயோடு ஒன்றும் நெகட்டிவ் பக்கத்து டயோடு ஒன்றும் சேர்ந்து கசிந்தால் இரவோடிரவாகப் பேட்டரி காலியாகும். ஒன்று திறந்துபோனால் வடியாது, ஆனால் சார்ஜ் குறையும். இரண்டும் வெவ்வேறு நோய்கள். உன் வண்டிக்கு எது என்று நீ எழுதவில்லை.

பேட்டரியை முழுதாக வெளியே சார்ஜ் செய்து, சில மணி நேரம் விட்டு அளந்து பார். 12.6 வோல்ட் அருகே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பேட்டரிதான் கிழடாகிவிட்டது. மேலே படிக்கத் தேவையில்லை, புதுப் பேட்டரி வாங்கு. நின்றால், சாவியை அணைத்து ஃப்யூஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணை. இந்த வண்டியில் கடிகாரமோ கணினியோ கிடையாது. அதனால் பூஜ்யம்தான் வர வேண்டும். ஏதாவது ஓடினால் ரெக்டிஃபையரின் நடு ஒயரைக் கழற்றிப் பார். ஓட்டம் நின்றால் குற்றவாளி அதுதான். நிற்காவிட்டால் ஜீனர் டயோடின் ஒயரைக் கழற்றிப் பார். முன் ஃபோர்க்கின் நடுவே, ஹெட்லைட்டுக்குக் கீழே, இறக்கை வைத்த அலுமினியக் கட்டி ஒன்று இருக்கிறதே, அதில்தான் ஜீனர் உட்கார்ந்திருக்கிறது. மிகுதி மின்சாரத்தை வெப்பமாக்கிக் காற்றில் விடுவது அதன் வேலை.

கசிவே இல்லாவிட்டாலும், நகருக்குள் பகலிலும் ஹெட்லைட் போட்டு மெதுவாக ஓட்டினால் எந்தக் கோளாறும் இல்லாமலே பேட்டரி இறங்கும். இதன் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் ஆர்.எம். 21 ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் தருவதே ஏறக்குறைய 10 ஆம்பியர். 50 வாட் ஹெட்லைட் மட்டுமே அதில் 4 ஆம்பியருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பற்றவைக்கும் காயில்களுக்கும் பங்கு போக, ஐட்லிங்கில் மிச்சம் எதுவும் இராது. அது இந்த வண்டியின் இயல்பு, அதைப் பழுது என்று நினைக்காதே.

இனி ரெக்டிஃபையர். இருக்கைக்கு அடியில், பேட்டரிக்குப் பின்புறம், ஒரு போல்ட்டில் கோத்த தகடுகளாக இருக்கும். கைவைக்கும் முன் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்று. இங்கே கவனம் வேண்டும். நீ பழகிய வண்டிகளில் நெகட்டிவ்தான் எர்த். பானவில்லில் பாசிட்டிவ் எர்த். லூகாஸ் வண்ணமுறையில் சிவப்பு ஒயர் என்பது எர்த் ஒயர், வண்டியின் சட்டத்தோடு சேர்வது. சிவப்பைக் கண்டதும் மின்சாரம் உள்ள ஒயர் என்று கை போகும். அந்தப் பழக்கத்தில் பேட்டரியைத் திருப்பி இணைத்தவர்கள் எத்தனையோ பேர். அப்படிச் செய்தால் நான்கு டயோடுகளும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டு, பேட்டரி தன் முழு வலுவையும் அவற்றுக்குள் கொட்டும். ஃப்யூஸ் முந்தாவிட்டால் ரெக்டிஃபையர் எரியும்.

ரெக்டிஃபையரில் மூன்று முனைகள். ஓரத்து இரண்டுக்கும் ஆல்டர்னேட்டர் ஒயர்கள் வருகின்றன: ஒன்று பச்சையும் வெள்ளையும், மற்றது பச்சையும் மஞ்சளும். நடுமுனை பேட்டரியின் நெகட்டிவ் பக்கம். நான்காவது முனை எங்கே என்று தேடாதே, அந்த போல்ட்டுதான் அது. ஒயர்களைக் கழற்றிவிட்டு மீட்டரை டயோடு அளவில் வை. சிவப்புக் கம்பியை ஓரமுனையிலும் கறுப்பை போல்ட்டிலும் வைத்தால் 0.4 முதல் 0.7 வரை காட்ட வேண்டும். மாற்றி வைத்தால் எதுவும் காட்டக் கூடாது. அடுத்து, சிவப்பை நடுமுனையிலும் கறுப்பை ஓரமுனையிலும் வைத்து அதையே செய். இரண்டு ஓரமுனைகளுக்கும் சேர்த்து எட்டு அளவுகள். இரு திசையிலும் பூஜ்யம் வந்தால் அந்த டயோடு குறுக்கிணைந்துவிட்டது. இரு திசையிலும் ஒன்றுமே வராவிட்டால் திறந்துபோய்விட்டது. எட்டும் சரியாக வந்து, கசிவும் இல்லையென்றால், அதை அப்படியே விட்டுவிடு.

கெட்டது என்று உறுதியானால் கழற்று. அங்குல அளவு ஸ்பேனர் எடுத்துக்கொள். மில்லிமீட்டர் ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பழையதை எடுக்கும்போதும், அதே வகையில் இன்னொன்றைப் போடும்போதும், போல்ட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, சட்டத்தோடு இணைக்கும் நட்டை மட்டும் திருப்பு. தகடுகளைச் சேர்த்து இறுக்கியிருக்கும் நட்டைத் தொடாதே. தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று திரும்பினால் உள்ளிணைப்பு அறுந்து, நல்ல ரெக்டிஃபையரும் கெட்டுப்போகும்.

இன்று பெரும்பாலோர் போடுவது, மின்னணுக் கடைகளில் கிடைக்கும், நான்கு டயோடுகளும் உள்ளடங்கிய சிறிய சதுரக் கட்டியை. 35 ஆம்பியர், 400 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்குவதாக, உலோக அடித்தளம் உள்ளதாக வாங்கு. விலை குறைவு, உழைப்பு அதிகம். நானும் அதையே பரிந்துரைப்பேன். அதன் நான்கு முனைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றுக்குக் குறுக்காகத் திரும்பியிருக்கும். அது பாசிட்டிவ். அதற்கு மூலைவிட்டமாக எதிரே இருப்பது நெகட்டிவ். மீதி இரண்டும் ஆல்டர்னேட்டருக்கு, எந்த ஒயர் எதில் என்ற கவலை வேண்டாம்.

இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நீ நினைவில் வைப்பதானால், இதை வை. பழைய லூகாஸில் போல்ட்டை இறுக்கினாலே எர்த் கிடைத்துவிடும். புதிய கட்டியின் போல்ட் அதைப் பிடித்து வைப்பதற்கு மட்டும்தான், மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பாசிட்டிவ் முனையிலிருந்து தனியாக ஒரு தடித்த ஒயரை எர்த்துக்குக் கொண்டுபோயாக வேண்டும். மூன்று பழைய ஒயர்களை மூன்று முனைகளில் செருகிவிட்டு நான்காவதை வெறுமையாக விட்டால், சார்ஜ் துளியும் ஏறாது. புதிய பாகமும் மோசம் என்ற பெயர்தான் அதற்குக் கிடைக்கும். அந்த எர்த் ஒயரைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கே நேராகக் கொண்டுபோவது என் வழக்கம். சட்டத்துக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் அதன்மேல் இறுக்கிய எர்த் வெறும் அலங்காரம்.

கட்டியைச் சட்டத்தின் தட்டையான உலோகப் பகுதியிலோ அலுமினியத் தகட்டிலோ வெப்பப் பசை தடவி இறுக்கு. எந்த நொடியிலும் மின்சாரம் இரண்டு டயோடுகளைக் கடக்கிறது. ஒவ்வொன்றிலும் 0.7 வோல்ட் விழுந்தால், 10 ஆம்பியரில் 14 வாட் வெப்பம். பிளாஸ்டிக் மட்கார்டில் ஒட்டினால் அது போக வழியில்லை.

ரெகுலேட்டரும் ரெக்டிஃபையரும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டிகளும் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டால் ஜீனரைத் துண்டித்துவிட வேண்டும். உன் ஜீனர் நன்றாக இருக்கும்வரை அதற்குத் தேவையில்லை.

பர்மிங்காமில் செய்த இந்த மின்பாகங்களுக்காக லூகாஸை "இருளின் இளவரசன்" என்று கேலி செய்வது பழைய வழக்கம். அந்தக் கேலியில் நான் சேரமாட்டேன். அரை நூற்றாண்டாக ஈரத்தில் கிடந்த இணைப்புகள் துருப்பிடித்ததற்கு ஆல்டர்னேட்டர் என்ன செய்யும்? ரெக்டிஃபையரை மாற்றும் அதே நாளில் எல்லாக் குண்டு இணைப்பிகளையும் பிரித்து, தேய்த்து, தளர்ந்தவற்றை மாற்று. எர்த் இணைப்புகளை உலோகம் மின்னும்வரை சுரண்டு. பாதிக்குமேல் கோளாறுகள் இங்கேதான் ஒளிந்திருக்கும் என்பது என் அனுபவம்.

எல்லாம் முடிந்தபின் எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளை அணைத்து, 3000 சுற்றில் பேட்டரி முனைகளில் அள. 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் வேலை முடிந்தது. 12.6-ஐத் தாண்டாவிட்டால் எர்த் ஒயரிலிருந்து மறுபடி தொடங்கு. 15-க்கு மேலே ஏறினால் உடனே அணைத்துவிடு, ஜீனர் வேலை செய்யவில்லை.

பேட்டரி வோல்ட், கசிவு ஆம்பியர், எட்டு டயோடு அளவுகள், இவற்றைத் தாளில் எழுதி எனக்கு அனுப்பு. அது வந்து சேரும்வரை எந்தப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதே.

அன்புடன்,
உன் மாமா