குளிர்காலத்தில் கெளுத்தி மீன் பிடித்தல்

காஞ்சிபுரம் மாவட்டத்தை ஏரிகள் மாவட்டம் என்று கூறுவது வழக்கம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் பாயும் இப்பகுதியில் ஏரியில்லாத சிற்றூரைக் காண்பது அரிது. ஏரி நீரால் நெல் விளைகிறது என்பது யாவரும் அறிந்ததே. அதே நீரில் உழவும் எருவுமின்றி மற்றொரு விளைச்சலும் உண்டாகிறது. அதுவே மீன். அவ்விளைச்சலில் எவரும் குஞ்சு வாங்கி விடாமலேயே ஆண்டுதோறும் தானே பெருகி வருவது கெளுத்தி. அதனைக் குளிர்காலத்தில் பிடிப்பது எவ்வாறு, எவ்வளவு பிடிப்பது, எதனை விட்டுவைப்பது என்பனவற்றை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

நம் ஏரிகளில் உள்ள இனங்கள்

கெளுத்தி இனத்து மீன்களுக்குச் செதில் கிடையாது. வாயைச் சுற்றி மீசைகள் உண்டு. அம்மீசைகளிலும் உடலின் தோலிலும் சுவையை அறியும் உணர்வு இருப்பதால், கலங்கிய நீரிலும் இருளிலும் இவை இரையைத் தேடிக் கொள்கின்றன. பெரும்பாலும் இரவில் மேய்ந்து, பகலில் ஆழத்திலும் வேர்களின் இடுக்கிலும் ஒதுங்கியிருக்கும்.

நம் ஏரிகளில் மூன்று இனங்களைப் பொதுவாகக் காணலாம். முதலாவது நாட்டுக் கெளுத்தி. இதன் முதுகிலும் இருபக்கத்து முன்சிறகுகளிலும் வலிய முட்கள் இருக்கும். இரண்டாவது தேளி. இது நீண்டு கறுத்த உடலை உடையது. முதுகுச் சிறகு மிகச் சிறியது. காற்றை நேராகச் சுவாசிக்கும் பைகள் உடலினுள் இருப்பதால், நீர் வற்றிய பின்பும் ஈரச் சேற்றில் பல நாள் உயிருடன் கிடக்கும். மூன்றாவது வாளை. அகன்ற வாயும் இரண்டு இணை மீசைகளும் உடைய இது பெரிதாக வளர்ந்து பிற மீன்களை உண்ணும்.

குளிரும் மீனும்

மனிதரைப் போல உடல் வெப்பத்தை ஒரே நிலையில் காத்துக்கொள்ளும் ஆற்றல் மீனுக்கு இல்லை. நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். நீர் 10 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால், இவ்வகை மீன்களின் உடலியக்கம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொது விதி. செரிமானம் மெதுவாகும், பசி குறையும், இரையைத் துரத்தும் விருப்பம் இராது.

மார்கழி, தை மாதங்களில் நம் பகுதியின் விடியற்காலை வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. கரையோரத்து ஆழமற்ற நீர் இரவில் விரைவாகக் குளிர்ந்து, பகல் வெயிலில் விரைவாகச் சூடேறும். ஆழத்து நீரோ அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. ஆகவே குளிர்ந்த இரவிலும் விடியலிலும் கெளுத்தி ஆழத்தையே நாடும். வெயில் ஏறிய பிறகு மெல்ல மேட்டு நீருக்கு வரும்.

குளிர்நீரினால் ஒரு நன்மையும் உண்டு. ஒரு லிட்டர் நீர் 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 20 டிகிரியில் ஏறத்தாழ ஒன்பது மில்லிகிராம் தாங்கும். எனவே குளிர்காலத்தில் பிடித்த மீனை உயிருடன் சந்தைக்குக் கொண்டு செல்வது எளிது.

பனிக்கட்டியின் அடியில்

மீன்கள் குளிரில் ஆழத்தை நாடும் இவ்வியல்பு, நீர் உறைந்துபோகும் நாடுகளில் மேலும் தெளிவாகப் புலப்படுகிறது. அமெரிக்க நாட்டின் வடபகுதியிலுள்ள மின்னசோட்டா, விஸ்கான்சின் முதலிய மாநிலங்களில் குளிர்காலத்தில் ஏரிகளின் மேற்பரப்பு முழுவதும் பனிக்கட்டியாக உறைகிறது. நீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். ஆகையால் அவ்வெப்பமுள்ள நீர் அடியில் தங்க, அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. மேலே பனிப்பாறை, அடியில் நீர். அந்நீரில் மீன் உயிருடன் இருக்கிறது.

அந்நாட்டினர் பனிக்கட்டியின் மேல் நடந்து சென்று, துளைக்கருவியால் துளையிட்டு, அத்துளை வழியே தூண்டிலை இறக்குகின்றனர். ஒருவர் நடப்பதற்குத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது நான்கு அங்குலக் கனம் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள எச்சரிக்கை. அங்குள்ள சானல் கெளுத்தி என்னும் இனம் குளிர்காலத்தில் ஆழமான பள்ளங்களில் கூட்டமாகச் சேர்ந்துவிடும். ஏரி முழுவதும் தேடினாலும் கிடைக்காத மீன், ஒரு பள்ளத்தைக் கண்டுகொண்டால் வரிசையாகக் கிடைக்கும். குளிரில் அது இரையை மெதுவாகவே கவ்வும். எனவே சிறிய முள்ளில் சிறிய இரையைக் கோத்துத் தரையை ஒட்டி அசையாமல் வைத்திருக்கின்றனர்.

தட்டைத்தலைக் கெளுத்தி என்னும் மற்றோரினம் குளிரில் உண்ணுவதையே ஏறக்குறைய விட்டுவிடும். பள்ளத்தின் அடியில் முதுகின்மேல் மண் படியும் அளவுக்கு அசைவற்றுக் கிடக்கும். அத்தகைய மீனை எவரும் எளிதில் வாரிவிடலாம் என்பதனால், மின்னசோட்டாவில் டிசம்பர் முதல் மார்ச் முடிய இவ்வினத்தைப் பிடிக்கலாகாது என விதித்துள்ளனர். எளிதில் அகப்படும் காலமே அதிகக் காவல் வேண்டிய காலம் என்பது இவ்விதியின் கருத்து. நம் ஏரிகளில் நீர் உறைவதில்லை. ஆனால் மீன் பள்ளத்தில் கூடுவதும், கூடிய மீன் முற்றிலும் வாரப்படுவதும் நம் ஊர்களிலும் உண்டு.

பிடிக்கும் இடமும் நேரமும்

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பும்போது மீன்கள் நீர்ப்பரப்பெங்கும் பரவி விடும். அப்பொழுது தேடிப் பிடிப்பது கடினம். மழை நின்று நீர் தெளியும் மார்கழியிலிருந்து அவை தத்தம் இடங்களில் தங்குகின்றன. நம் ஏரிகளில் ஆழம் மிகுந்த இடம் பெரும்பாலும் கரையை ஒட்டி, மதகுக்கு முன்னால் இருக்கும். கரைக்கு மண் எடுத்த பழைய பள்ளங்களும் உண்டு. விடியலில் இவ்விடங்களில் தூண்டிலிடுக. பிற்பகல் இரண்டு மணி முதல் இருட்டும் வரை, வெயிலால் சூடேறிய மேட்டு நீரும் பள்ளமும் சேரும் விளிம்பில் இடுக. குளிர்காலத்தில் இப்பிற்பகல் நேரமே சிறந்தது.

இரைக்கு மண்புழுவும் கோழிக்குடலும் ஏற்றவை. மணத்தை நாடி வரும் மீனாதலால், இரையை அடிக்கடி இடம் மாற்றாமல் ஓரிடத்தில் வைத்துப் பொறுத்திருக்க வேண்டும். தக்கை மெல்ல அசைந்தவுடன் இழுக்கலாகாது. அது நகரத் தொடங்கிய பின் இழுப்பதே முறை. மூங்கில் சிம்பினால் பின்னிய பறியினுள் இரையிட்டு, மாலையில் பள்ளத்தின் அருகே இறக்கி, காலையில் எடுப்பதும் நல்ல பயன் தரும். வீச்சு வலை பயன்படுத்துவோர் இரண்டு விரல் தாராளமாக நுழையும் கண்ணுள்ள வலையைக் கொள்வாராயின், சிறு மீன்கள் தப்பிப் பிழைக்கும்.

முள் குத்தினால் செய்ய வேண்டுவது

கெளுத்தியின் முட்கள் விறைத்து நிற்கும்போது கையைக் கிழிக்கும். தேளியின் முள்ளிலோ நஞ்சு உண்டு. குத்தினால் கடுந்தேள் கொட்டியதுபோல் வலிக்கும். மீனைத் தலைக்குப் பின்புறமாக, பக்கத்து முட்களுக்குப் பின்னால் விரல்கள் அமையுமாறு பற்ற வேண்டும். அல்லது ஈரச் சாக்கினால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். குத்திவிட்டால், காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். நஞ்சு வெப்பத்தால் வலுவிழக்கும். வலியால் மரத்த கைக்குச் சூடு தெரியாதாகையால், நீரின் சூட்டை மற்றொரு கையால் சோதிக்க வேண்டும். பின்னர் ஆரம்பச் சுகாதார நிலையம் சென்று, முள் உள்ளே தங்கியுள்ளதா எனக் காட்டி, தேவையாயின் இரணஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம்.

விற்பனைக்கு ஏற்ற காலம்

புரட்டாசியிலும், ஐயப்ப விரதம் நடைபெறும் கார்த்திகை, மார்கழியிலும் பலர் புலால் உண்பதில்லை. கோயில்கள் நிறைந்த காஞ்சிபுரம் நகரை நம்பி மீன் விற்போர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். இம்மாதங்களில் வீட்டுத் தேவைக்கு மட்டும் பிடித்து, தைப்பொங்கலுக்குப் பிறகு சந்தைக்குக் கொண்டு செல்வதே இலாபம். தேளியை வாயகன்ற பாத்திரத்தில் சிறிதளவு நீர் ஊற்றி, மேலே காற்று புகுமாறு மூடினால், உயிருடன் சேரும். நிறைய நீர் ஊற்றிச் சுமக்க வேண்டியதில்லை.

விதைமீனைக் காத்தல்

தை கழிந்தபின் நீர் நாளுக்கு நாள் இறங்குகிறது. மாசி, பங்குனியில் ஏரி முழுவதிலும் பரவியிருந்த மீன் ஒரு சில பள்ளங்களில் வந்து அடைகிறது. பல ஊர்களில் மீன் குத்தகை, ஜூன் மாதத்துடன் முடியும் பசலி ஆண்டை ஒட்டியே விடப்படுகிறது. அடுத்த ஆண்டு ஏரி வேறொருவருக்குச் செல்லக்கூடும் என எண்ணும் குத்தகைதாரர், கடைசிப் பள்ளத்தையும் எஞ்சின் வைத்து இறைத்து, சேற்றிலுள்ள தேளி வரை எடுத்துவிட முற்படுகிறார். அவரது கணக்கு அவருக்குச் சரியே. ஆனால் ஊரின் கணக்கில் அது விதைநெல்லை உலையிலிடுவதற்கு ஒப்பாகும். மழை தொடங்கியதும் முட்டையிட வேண்டிய மீன்கள் அப்பள்ளத்தில்தான் இருந்தன.

இதனால் முதலில் நலிவோர் நிலமற்ற தொழிலாளரும், ஏரிமீனைப் பிடித்து வாழும் இருளர் குடும்பங்களுமே. விலைகொடுத்து வாங்காமல் அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்து வந்த சத்துணவு அற்றுப் போகிறது.

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பராமரிப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பராமரிப்பிலும் உள்ளன. தம் ஊர் ஏரியின் மீன்பிடி உரிமை யாரிடம் உள்ளது என்பதை முதலில் அறிந்து, உரிமை ஊராட்சியிடம் இருப்பின் கீழ்க்கண்டவற்றைக் குத்தகை நிபந்தனைகளாகச் சேர்க்கலாம். பிறவிடத்தாயின் கிராம சபையில் தீர்மானித்து உரிய துறைக்கு அனுப்பலாம்.

1. மதகருகில் ஒரு பள்ளத்தை விதைப்பள்ளம் எனக் குறித்து, அதனை இறைக்கவோ அதில் வலையிடவோ கூடாது.

2. நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிக்கலாகாது. நஞ்சையும் வெடியையும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது. மின்சாரமோ பிடிப்பவர் உயிருக்கே கேடு.

3. முதல் மழையில் மீன்கள் எதிரேறும் நாட்களில் கலங்கலிலும் வரத்துக்கால்வாயிலும் வலையோ பறியோ கட்டி வழியடைக்கக் கூடாது.

4. ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஏரியில் விடக்கூடாது. அது நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட இனம். நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். பெரிய தட்டைத் தலையும், வால் வரை நீண்ட முதுகுச் சிறகும் அதன் அடையாளம். நாட்டு மீன் ஒன்றுக்கும் அத்தகைய சிறகு உண்டாகையால், ஐயமிருப்பின் மீன்வளத் துறையினரிடம் காட்டித் தெளிக.

5. வீட்டுத் தேவைக்குத் தூண்டிலால் பிடிக்கும் ஏழை எளியவரைத் தடுக்கக் கூடாது.

கோயில் குளத்து மீனைப் பிடிக்கலாகாது என்னும் வழக்கத்தை நம் மக்கள் எச்சட்டமும் இன்றியே போற்றி வருகின்றனர். அக்கட்டுப்பாட்டில் நூற்றிலொரு பங்கை ஊர் ஏரியின் ஒரு பள்ளத்திற்கு அளிப்பது இயலாததன்று.

காஞ்சிபுரத்திற்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள், ஊராரே குடவோலையால் தேர்ந்தெடுத்த வாரியங்களைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காப்பது ஊர் மன்றத்தின் பணி என்பது இம்மண்ணில் ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட வழக்கம். அப்பணியில் கரையும் மதகும் அடங்குவது போலவே, நீருக்குள் வாழும் மீனும் அடங்கும். வரும் மாசிக்குள் ஒவ்வோர் ஊராட்சியும் தன் ஏரியில் ஒரு விதைப்பள்ளத்தைக் குறித்து, அதன் நான்கு மூலையிலும் கழி நட்டு, ஊரறியச் செய்வதாக. அடுத்த மார்கழியில் தூண்டிலிடுவோர்க்கு அதன் பயன் விளங்கும்.