வியூஃபைண்டர் ஓவர்லே: எடிட்டர் வேலைக்கு உங்களை முன்னே நிறுத்தும் சின்ன எஃபெக்ட்

எடிட்டர் வேலைக்கு வரும் ஷோரீல்களில் பாதிக்கு மேல் ஒரே முகம். அதே டிரான்சிஷன், அதே டெம்ப்ளேட். அந்தக் கூட்டத்திலிருந்து நீங்கள் தனித்துத் தெரிய கேமரா வியூஃபைண்டர் ஓவர்லே நல்ல வாய்ப்பு. நான்கு மூலையிலும் பிராக்கெட் கோடு, மின்னும் சிவப்புப் புள்ளி, ரெக் எழுத்து, ஓடும் டைம்கோடு, பேட்டரி சின்னம். டவுன்லோடு செய்து ஒட்டுவது யாருக்கும் எளிது. ஒட்டியவர் யார், கேமராவைப் புரிந்து செய்தவர் யார் என்பதை சீனியர் எடிட்டர் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் இரண்டாவது ஆளாக இருங்கள்.

1. காரணத்தை முடிவு செய்யுங்கள். ‘இந்த நொடியில் ஒருவர் படம் பிடிக்கிறார், அவர் கண் வழியே பார்க்கிறோம்’ என்பதுதான் இந்த ஓவர்லே சொல்லும் செய்தி. ரெக் எழுத்து வழக்கமாகப் பதிவில் வராது. படம் பிடிப்பவருக்கு மட்டுமே தெரியும். பழைய குடும்ப வீடியோ என்று காட்ட வேண்டுமா? ரெக்கைத் தூக்கிவிட்டு 4:3 பிரேமில் கீழே தேதியை மட்டும் வையுங்கள்.

2. நீங்களே கட்டுங்கள். டாவின்சி ரிசால்வ் இலவச வெர்ஷனே போதும். அதில் டிஎஸ்எல்ஆர், சிசிடிவி ஓவர்லேக்கள் ரெடிமேடாகவே இருக்கின்றன. போட்டியாளரிடமும் அவை இருக்கும் என்பதால் பழகிப் பார்க்க மட்டும் எடுங்கள். 1920×1080 அளவில் பின்னணி இல்லாத பிஎன்ஜி வரையுங்கள். கோடு 3 அல்லது 4 பிக்சல் தடிமன் இருக்கட்டும். ஒரு பிக்சல் கோடு கம்ப்ரஷனில் கரைந்துவிடும். அனிமேஷனோடு எக்ஸ்போர்ட் செய்ய புரோரெஸ் 4444 எடுங்கள். சாதாரண எச்.264 ஃபைலில் டிரான்ஸ்பரன்சி தங்காது. கறுப்புப் பின்னணியோடு வந்த ஓவர்லே என்றால் பிளெண்ட் மோடை ஸ்கிரீனுக்கு மாற்றுங்கள், கறுப்பு மறைந்துவிடும்.

3. புள்ளியை மின்ன விடுங்கள், மங்க விடாதீர்கள். ஓப்பாசிட்டிக்கு ஹோல்டு கீஃப்ரேம் போடுங்கள். 25 ஃபிரேம் புராஜெக்டில் 13 ஃபிரேம் தெரியட்டும், 12 ஃபிரேம் மறையட்டும். பதிவு தொடங்கும் முன் ஸ்டேண்ட்பை எழுத்தைக் காட்டி, பட்டனை அழுத்தியதும் ரெக்குக்கு மாற்றினால் காட்சிக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும்.

4. டைம்கோடில் மாட்டிக்கொள்ளாதீர்கள். 25 ஃபிரேம் புராஜெக்டில் கடைசி இரண்டு இலக்கம் 00 முதல் 24 வரைதான் ஓடும். அங்கே 29 வந்தால் டெம்ப்ளேட் என்று காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று: ஷாட்டை நடுவில் வெட்டினால் டைம்கோடும் தாவ வேண்டும். கட் விழும் இடத்தில் ஓவர்லேயையும் வெட்டி, அடுத்த துண்டில் டைம்கோடை முன்னே தள்ளித் தொடங்குங்கள். பேட்டரி அளவு ஒரே காட்சியில் ஏறக் கூடாது.

5. லேயர் வரிசையைக் காப்பாற்றுங்கள். கை நடுக்கமும் கலர் கிரேடும் கீழே உள்ள படத்துக்கு மட்டும். ஓவர்லே எல்லாவற்றுக்கும் மேலே அசையாமல் நிற்க வேண்டும். நிஜ வியூஃபைண்டரில் படம்தான் ஆடும், எழுத்து ஆடாது. நடுக்கம் சேர்க்கும்போது படத்தை 105 முதல் 110 சதவீதம் பெரிதாக்குங்கள். ஓரத்தில் கறுப்பு எட்டிப் பார்க்காது.

6. ரீல்ஸுக்கு லேஅவுட்டைத் தனியாகச் செய்யுங்கள். 1080×1920-ல் கீழ்ப்பகுதியிலும் வலது ஓரத்திலும் ஆப்பின் பட்டன்களும் கேப்ஷனும் உட்கார்ந்துகொள்ளும். டைம்கோடையும் பேட்டரியையும் மேல் பாதிக்கு ஏற்றுங்கள். கிளையன்டுக்கு அனுப்பும் முன் மொபைலில் ஒருமுறை பாருங்கள்.

7. பாதுகாப்பாக வேலை செய்யுங்கள். விளம்பரப் படத்தில் கேமரா கம்பெனி லோகோவைக் காப்பி அடிக்காதீர்கள். ஃபான்ட் லைசென்ஸ் கமர்ஷியல் வேலைக்குச் செல்லுமா என்று பாருங்கள். சிக்கல் வந்தால் பழி எடிட்டர் தலையில்தான் விழும்.

8. இதைக் காசாக்குங்கள். ஒருமுறை கட்டியதை உங்கள் டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். அடுத்த வேலையில் நேரம் மிச்சம், ரேட்டைக் குறைக்கத் தேவையில்லை. ஷோரீலில் வெறும் படம், ஓவர்லே, இறுதி ஷாட் என மூன்றையும் வரிசையாகப் பத்து நொடிக்குள் காட்டுங்கள். ‘இந்த கட்டில் டைம்கோடு ஏன் தாவுகிறது?’ என்று இன்டர்வியூவில் கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லத் தயாராக இருங்கள். சாஃப்ட்வேர் தெரிந்தவர்கள் வரிசையில் நிறைய பேர். காரணம் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் ஆஃபர் லெட்டர் போகும்.