கிரீஸ் டப்பா வாங்கும் முன்

அன்புள்ள பான் நகர வாசகருக்கு,

வேகம் கூடக் கூட இரையும் காரில் வீல் பேரிங்கை நீங்களே மாற்றப்போவதாக எழுதி, எந்தக் கிரீஸ், எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன், எந்தச் சக்கரம் என்று உறுதியாகத் தெரியுமா? கொலோன் போகும் ஏ555 சாலையில் சத்தம் கேட்டதாகச் சொல்கிறீர்கள். 1932-இல் கொலோன் மேயர் அடினாவர் திறந்துவைத்த அந்தச் சாலை பெரும்பாலும் நூல் பிடித்தாற்போல் நேரானது. அங்கே சத்தம் கேட்கும், பக்கம் பிடிபடாது. வளைவில் ஓட்டிப் பாருங்கள். இடப்புறம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரங்களில் ஏறும். அப்போது இரைச்சல் கூடினால் சந்தேகம் வலப்பக்கத்தின் மேல்தான்.

அண்மைக் காலக் கார் என்றால் பெரும்பாலும் டப்பாவே வேண்டாம். கிரீஸ் அடைத்து, சீல் போட்டுத்தான் பேரிங் வரும். சீலை நெம்பி இன்னும் கொஞ்சம் திணிப்பவர்களை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள், வேண்டாத வேலை. வினை வருவது பொருத்தும்போதுதான். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்துங்கள். உள் வளையத்தை அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியே போய் ஓடுபாதையில் தடம் பதிக்கும். புதுப் பேரிங் முதல் நாளே இரையும். பிறகு ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு முட்டுக் கொடுங்கள். ஏபிஎஸ் சென்சாருக்கான காந்த வளையம் ஒரு பக்கச் சீலிலேயே இருக்கலாம். குண்டூசியைக் கிட்டே கொண்டுபோனால் தெரிந்துவிடும். காந்தமுள்ள பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். மாறிப்போனால் பேரிங் வீண். அழுத்திக் கழற்றியதை மறுபடி போடக்கூடாது.

நம்பர் பிளேட்டில் ‘எச்’ போட்ட, முப்பது வயது தாண்டிய வண்டியா? அதில் டேப்பர் ரோலர் பேரிங் என்றால் உங்கள் கேள்விக்கு வேலை உண்டு. பழைய கிரீஸ் துளியும் இல்லாமல் கழுவி உலர்த்துங்கள். கப்பையும் (வெளி வளையம்) கோனையும் (ரோலர்களோடு கூடிய உள் வளையம்) சோடியாகவே மாற்றுங்கள். வீல் பேரிங்குக்கான லித்தியம் கிரீஸை உள்ளங்கையில் அள்ளி, கோனின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். மறுபக்கம் ரோலர்களுக்கு நடுவே பிதுங்கும்வரை விடாதீர்கள். ஹப்பை மட்டும் முழுக்க நிரப்ப வேண்டாம். சூட்டில் வழிந்து பிரேக்கில் படும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, மேனுவல் சொல்லும் அளவுக்கு ஆட்டம் வைத்து, புது ஸ்பிளிட் பின் போடுங்கள்.

தெருவோரத்தில் இதைச் செய்யாதீர்கள்; எண்ணெய் மண்ணில் இறங்கினால் ஜெர்மனியில் வம்பு. லிஃப்ட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பட்டறைகள் உண்டு. பிரஸ் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சீல் பேரிங் வண்டி என்றால் ஆக்ஸில் நட்டும் புதிதாக வாங்குங்கள். அதை டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முறுக்கும்வரை வண்டியை ஒரு அடிகூட உருட்டக்கூடாது.

அன்புடன்.