நேரலை விளையாட்டும் நின்றுவிடும் கணினியும்

கணினியில் ஆடும் விளையாட்டை, ஆடும் வேளையிலேயே பிறரும் காணுமாறு இணையவழி அனுப்புதலை நேரலை என்கிறோம். இன்றைய மாணவர் பலர் இதில் பெருநாட்டம் உடையர். உயிலங்குளத்தில் ஒருவன் ஆடுவதைக் கடல்கடந்து வாழும் பழைய மாணவரும் கண்டு மகிழலாம். ஆயின், ஆட்டம் சூடுபிடிக்கும் வேளையிலே கணினி திடீரென நின்றுவிடுவதுண்டு. உடனே, "இயந்திரம் பழுது, புதியது வேண்டும்" என்று முடிவுகட்டுவோர் பலர். நெல் விற்ற பணத்தில் தந்தை வாங்கித் தந்த பொருளை ஆராயாது ஒதுக்குதல் தகுமா? காரணத்தை முறையாகத் தேடும் வழியை ஈண்டு விளக்குவோம்.

முதற்கண் கணினி சுமக்கும் பாரத்தை அறிதல் வேண்டும். 1920 × 1080 அளவுள்ள ஒரு படத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள. நொடிக்கு 60 படங்கள் எனின், அவை 12 கோடியைத் தாண்டும். இவற்றைச் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு ஏறத்தாழ 3,000 மெகாபிட் வேண்டும். நேரலையிலோ இவற்றை 6 மெகாபிட் அளவில் அடக்குகிறோம். அஃதாவது ஐந்நூற்றில் ஒரு பங்கு. ஆட்டத்தை வரைந்துகொண்டே இச்சுருக்க வேலையையும் கணினி செய்கிறது. தனியே ஆடுங்கால் தளராத கணினி, நேரலையில் தளர்வது இதனாலேயே.

'நின்றுவிட்டது' என்பதிலும் மூவகை உண்டு. ஆட்டம் தடையின்றி நடக்க, பார்ப்போருக்கு மட்டும் படம் தடைப்படுமாயின் அது கணினியின் வீழ்ச்சியன்று. ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்னும் நேரலை மென்பொருளின் புள்ளிவிவரச் சாளரம், படங்கள் தவறியது இணையத்தாலா, சுருக்கும் வேலை பின்தங்கியதாலா, வரையும் வேலை பின்தங்கியதாலா எனப் பிரித்துக் காட்டும்.

விளையாட்டோ நேரலை மென்பொருளோ மட்டும் மூடிக்கொண்டால், நினைவகப் பற்றாக்குறை, பழைய டிரைவர் மென்பொருள், மிகுசுமை ஆகியவற்றை ஐயுறலாம். விளையாட்டை நொடிக்கு 60 படங்களுக்கு மேற்போகாது வரையறுத்தலும், சுருக்கும் வேலையைக் கிராபிக்ஸ் அட்டையிலுள்ள தனி உறுப்பிடம் ஒப்படைத்தலும் சுமையைக் குறைக்கும்.

கணினி முழுவதுமே அணைந்தால் வெப்பத்தையும் மின்வலுவையும் முதலில் நோக்குக. மன்னார்ப் பகுதியின் வெயிலும், சோழகக் காற்று கொணரும் புழுதியும் விசிறிகளுக்குப் பகையாம். புழுதியை அகற்றி, வெப்பமானியைக் காட்டும் மென்பொருளொன்றைத் திறந்துவைத்து ஆடிப் பார்க்க வேண்டும். வெப்பம் அளவோடிருந்தும் சுமை ஏறியவுடன் அணையுமாயின், பவர் சப்ளை வலுப்போதாததாகலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் காணும் 'கேர்னல்-பவர் 41' என்னும் குறிப்பு, கணினி முறைப்படி மூடப்படவில்லை என்று மட்டுமே கூறும், காரணத்தைக் கூறாது. நீலத்திரை தோன்றினால் அதிலுள்ள பிழைக்குறியை எழுதிக்கொள்ளுதல் நலம்.

நோய் தோன்றும் இடம் வேறு, நோயின் வேர் வேறு என்பதற்கு அண்மைச் சான்றொன்று உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகளுட் சிலவற்றைக் கொண்ட கணினிகளில் விளையாட்டுகள் அடிக்கடி நின்றன. 'கிராபிக்ஸ் நினைவகம் போதாது' என்னும் செய்தி திரையிலே தோன்றியமையால், பலர் கிராபிக்ஸ் அட்டையையே பழித்தனர். குற்றமோ செயலியில் இருந்தது. செயலி வேண்டிய மின்னழுத்தம் அளவுக்கு மிஞ்சியிருந்ததை 2024 யூலையில் அந்நிறுவனமே அறிவித்து, ஓகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டு நீட்டியது. அத்திருத்தம் வருமுன் காக்குமேயன்றி, ஏற்கெனவே கெட்ட செயலியைக் குணப்படுத்தாது.

திருவள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில், நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடச் சொல்கின்றார். ஆகவே மாணவர்காள், ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. பயனைக் குறித்துவைத்து, அடுத்ததற்குச் செல்க. பலவற்றை ஒருங்கே மாற்றினால், கணினி சீரானாலும் எதனாற் சீரானது என்பது விளங்காது. ஆட்டத்தைப் பதிவுசெய்வோர் சாதாரண எம்.பி.4 வடிவத்தை விடுத்து எம்.கே.வி. வடிவத்தைக் கொள்க. முன்னது இடையில் அறுபட்டால் முழுவதும் திறவாமற் போகலாம்; பின்னதிலோ அறுபடும்வரை பதிந்தது எஞ்சும். காரணம் தெளிந்த பின்பு புதிய உறுப்பு வேண்டுமாயின் வாங்குக. அதுவரை பெற்றோரிடம் பணம் கேளாதிருத்தல் நன்று.