பணியில் மனவிழிப்பும் ஈடுபாடும்

கிராமப் பணியாளர் அனைவரும் வேலை நேரத்தில் உடலால் பணியிடத்தில் இருப்பவர்களே. மனத்தாலும் அங்கு இருக்கின்றனரா என்பது வேறு கேள்வி. அங்கன்வாடியில் குழந்தைகளை எடை போடும் நாளை எடுத்துக்கொள்வோம். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தல், கனத்த உடைகளைக் களைதல், குழந்தை அசையாதிருக்கும் கணத்தில் அளவைக் குறித்தல், சென்ற மாத அளவோடு ஒப்பிடுதல் ஆகிய யாவும் சில நிமிஷ வேலைகளே. கை பழகிய வேலையாதலின் மனம் வேறிடம் சென்றுவிடுகிறது. சென்ற மாதம் 9.4 கிலோ இருந்த குழந்தை இம்மாதம் 9.1 கிலோவாகக் குறைந்திருப்பின், அவ்வெண் பதிவேட்டில் ஏறிவிடும். எழுதியவர் கருத்தில் ஏறாது. எடைக் குறைவோ, நோய்க்கும் ஊட்டக் குறைவுக்கும் முன்னறிகுறியாக இருக்கக்கூடும்.

செய்யும் செயலிலேயே மனம் நிலைத்து நிற்பதையும், அது விலகும்போது விலகியதை அறிந்து மீட்பதையும் 'மனவிழிப்பு' என்று இங்கே குறிப்பிடுவோம். பௌத்த நூல்களில் பாலி மொழியில் 'ஸதி' எனப்படுவது இதுவே. நினைவு என்னும் பொருளுடைய 'ஸ்மிருதி' என்ற வடசொல்லின் பாலி உருவம் அது. நம் தேசத்தில் தோன்றிய இப்பயிற்சியை மேனாட்டு மருத்துவமனைக்குள் கொண்டு சென்றவர்களுள் முக்கியமானவர் ஜான் கபாட்-ஸின். 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாட்பட்ட வலியாலும் மன இறுக்கத்தாலும் வருந்தியோருக்கென அவர் தொடங்கிய பயிற்சி, 8 வாரப் பாடமாக உலகெங்கும் பரவிற்று. உலர்ந்த திராட்சை ஒன்றைப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று உண்பது அதன் பெயர்பெற்ற பாடங்களுள் ஒன்று. சிரிப்பிற்கிடமாகத் தோன்றலாம்; செய்து பார்த்தவர் சிரிப்பதில்லை.

இனி ஈடுபாடு. வில்லியம் கான் என்னும் அமெரிக்க அறிஞர், கோடைக்கால முகாம் ஒன்றின் ஊழியர்களையும் கட்டிடக்கலை நிறுவனம் ஒன்றின் ஊழியர்களையும் ஆராய்ந்து 1990-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருவர் தம் வேலையில் முழுமனத்துடன் இறங்குவதற்கு மூன்று நிலைமைகள் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு: வேலைக்குப் பொருளுண்டு என்ற உணர்வு, உள்ளதைக் கூறினால் தீங்கு வராது என்ற துணிவு, வேலைக்கென உடலிலும் உள்ளத்திலும் எஞ்சியிருக்கும் வலு.

மனவிழிப்பு இம்மூன்றில் கடைசியானதற்கே பெரிதும் உதவுகிறது. நேற்றைய ஏச்சையும் நாளைய கூட்டத்தையும் எண்ணி வீணாகும் வலுவை அது ஓரளவு மிச்சப்படுத்துகிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் ஊழியர் கையில் இல்லை. எடை குறைந்ததை உண்மையாகக் குறித்த பணியாளரை மாதாந்தரக் கூட்டத்தில் பலர் முன் கடிந்துகொண்டால், அடுத்த மாதம் அவர் பழைய எண்ணையே எழுத நேரும். அந்நிலையில் எத்தகைய தியானமும் அக்குழந்தைக்குப் பயன்படாது.

இதனை வலியுறுத்தும் ஆய்வும் உண்டு. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விவரங்களை ஆராய்ந்து வில்லியம் பிளெமிங் 2024-இல் வெளியிட்ட கட்டுரையில், மனவிழிப்பு வகுப்பு முதலிய தனிநபர் உதவிகளில் பங்குகொண்டோர், பங்குகொள்ளாதோரைவிட மேலான நலத்துடன் இருப்பதாகப் புலப்படவில்லை என்று கண்டார். கட்டுப்பாட்டுடன் நடத்தப்பெற்ற சோதனைகள் பல, இப்பயிற்சியால் மன இறுக்கம் ஓரளவு குறைவதாகக் கூறுகின்றன. இவ்விரண்டும் முரண்பட வேண்டியதில்லை. விரும்பிப் பயில்பவருக்குப் பயன் கிடைக்கலாம். வேலைச் சுமையைக் குறைக்காமல் வகுப்பை மட்டும் நடத்தும் அலுவலகம் அப்பயனை எதிர்பார்ப்பதற்கில்லை.

பயில விரும்புவோர் பெரிதாக ஏதும் செய்ய வேண்டியதில்லை. எடை போடத் தொடங்குமுன் இரண்டு நிமிஷம் அமர்ந்து, மூச்சு வந்து போவதைக் கவனிக்கலாம். மனம் ஓடினால் தம்மைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சிற்குத் திரும்பலாம். பிறகு ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் வாய்விட்டுக் கூறி, அளவைப் படித்து, முந்தைய அளவையும் தாயிடம் சொல்லலாம். இரண்டு எண்களை உரக்கச் சொல்பவர் வேற்றுமையைத் தவறவிடுவது அரிது. கைப்பேசி அந்நேரம் பைக்குள் இருக்கட்டும். அதில் பதிய வேண்டியதைப் பின்னர் ஒருங்கே பதியலாம்.

மேற்பார்வையாளருக்கும் திட்ட அலுவலருக்கும் வேலை உண்டு. அடுத்த கூட்டத்தில் எல்லாப் பதிவேடுகளையும் மேசைமீது பரப்பி, ஒரே விவரம் எத்தனை இடங்களில் எழுதப்படுகிறது என்று பணியாளர்களையே கேட்கலாம். கிடைக்கும் விடையை எழுதி மேலிடத்திற்கு அனுப்பலாம். எடை குறைந்ததைக் கண்டுபிடித்த பணியாளரிடம், "ஏன் குறைந்தது?" என்பதற்கு முன்பாக, "எப்படிக் கண்டீர்கள்?" என்று கேட்கலாம்.